கணிசமான ஆபத்து: பனிச்சரிவு அறிக்கையின் வாசகன் யார்?

ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் என்ற மலை ஊரிலிருந்து குளிர்காலத்தில் தினமும் சாயங்காலம் 5 மணிக்கு ஒரு பிரதி வெளியாகிறது. மறுநாள் காலை 8 மணிக்கு அதன் திருத்திய வடிவம். பெயர்: பனிச்சரிவு அறிக்கை. எந்த மலைப்பகுதியில், எத்தனை மீட்டருக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவுகளில் பனி அறுத்துக்கொண்டு வரக்கூடும் என்று அது சொல்கிறது. வாசிப்பவர்களில் பலர் லிஃப்டு, காவல், கயிற்றுவேலி எதுவும் இல்லாத மலைப்புறங்களுக்கு ஸ்கீ கட்டிக்கொண்டு ஏறப்போகிறவர்கள். அங்குள்ள பனி ஆய்வு நிறுவனம் 1945இலிருந்து இதை வெளியிட்டு வருகிறது.

பிரதி, வாசிப்பு, அதிகாரம் என்று பேசிக்கொண்டிருக்கிற பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். பனிச்சரிவு என்ற சொல் நம் தினசரிகளில் பெரும்பாலும் சவப்பெட்டியோடுதான் வருகிறது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்முனை புதைந்துபோனது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆட்கள் 10 பேர் செத்தார்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த வாரம் நான் வாசித்தவற்றில் தேசம் இருந்தது, தியாகம் இருந்தது, பனி மட்டும் இல்லை. பனி எப்படித் தேங்குகிறது, ஏன் அறுகிறது, முன்கூட்டிச் சொல்ல முடியுமா, சொன்னால் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த எரிச்சலில்தான் இந்த அறிக்கைகளை வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்துக்கொண்டே போனதில் ஒன்றின் ஆங்கில வடிவத்தைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். சிக்கிக்கொண்ட இடங்களிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் சிக்கல் பனியேதான். மார்கழியில் புல் நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் ஆளை மூடுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே பிரித்து வைத்திருக்கிறோம், ஆனால் அது வயல்வெளிப் பனி. மொழியின் குறை என்று இதற்காக யாரும் அழவேண்டாம், பார்க்காத பொருளுக்கு எதற்குப் பத்துச் சொல்? ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. நம் இமயப் பயண எழுத்துகளில் பனி என்பது வெண்மை, தூய்மை, மௌனம், சிவன். அது ஓர் இடமாகவோ, கனமுள்ள ஒரு பொருளாகவோ எழுதப்படவில்லை. மூட்டை தூக்கிக்கொண்டு கூட வருகிறவனின் காலுக்குக் கீழே அது என்ன செய்கிறது என்று பயணி பார்ப்பதே இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. 1993இல் ஐரோப்பிய நாடுகளின் எச்சரிக்கை நிறுவனங்கள் கூடி 5 படிகள் கொண்ட ஒரே அளவுகோலை ஏற்றுக்கொண்டன. குறைவு, மிதம், அப்புறம் 3ஆம் படி, பிறகு அதிகம், மிக அதிகம். அந்த 3ஆம் படிக்கு அகராதிப்படி 'கணிசமான' என்றுதான் போடவேண்டும். கணிசமான ஆபத்து. சொல்லிப் பாருங்கள். கணிசமான லாபம், கணிசமான வாக்குகள் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதில் ஆபத்தே தட்டுப்படவில்லை. போதாக்குறைக்கு 5இல் 3 என்றால் நமக்கு மார்க்குதான் ஞாபகம் வரும்: அறுபது சதவீதம், முதல் வகுப்பு. இங்கிலீஷ்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் இதே தடுமாற்றம் இருக்கிறது என்பதுதான் விசேஷம். ஸ்விட்சர்லாந்தில் குளிர்கால நாட்களில் சுமார் 30 சதவீதம்தான் 3ஆம் படி அறிவிக்கப்படுகிறது. ஆனால் சாவுகளில் ஏறக்குறையப் பாதி அந்த நாட்களில் விழுகிறது. 4, 5 என்று போட்டால் ஆள் வீட்டில் இருந்துவிடுகிறான், பாதையையும் மூடிவிடுகிறார்கள். 3 என்றால் புதுப்பனி இருக்கும், வெயிலும் அடிக்கும், மனசும் நடுவில் ஒரு சமரசத்துக்கு வரும். உண்மையில் படிகள் சமமாக ஏறுவதில்லை, ஒவ்வொரு படிக்கும் ஆபத்து பெருகிக்கொண்டே போகிறது. எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான் பாதிப்பேர் சாகிறார்கள் என்று சொன்னால் அது கோட்பாட்டுக்காரனின் மிகைப்படுத்தல் அல்ல.

பனியின் உள்விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது இல்லாமல் மேற்கொண்டு பேசினால் வெறும் வாய்ப்பந்தலாகிவிடும். பனி ஒரே நாளில் விழுந்து முடிகிற சமாசாரம் இல்லை. ஒவ்வொரு புயலுக்கும் ஓர் அடுக்கு. தெளிந்த, குளிர்ந்த இரவில் மேற்பரப்பில் இறகு மாதிரிப் படிகங்கள் முளைக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த புயல் அதை மூடிவிட்டால் உள்ளே ஒரு வழுக்கல் தயார். பனி ஆழமில்லாமல் கிடக்கும் இடங்களில் தரையின் கதகதப்புக்கும் மேலே உள்ள கடுங்குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட துகள்கள் சர்க்கரை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்துவிடுகின்றன. அதன்மேல் காற்று கொண்டுவந்து இறுக்கிய பனி பலகையாக உட்காருகிறது. சரிவு 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருந்தால் ஓர் ஆளின் எடையே போதும். உள்ளடுக்கு நொறுங்கி, அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடி, மேல்பலகை மொத்தமாக அறுந்து இறங்குகிறது. சில சமயம் காலுக்குக் கீழே 'வும்ப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பனி உள்ளே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டபிறகு செங்குத்தான சரிவுக்கு யாரும் போகக்கூடாது.

இதைச் சோதிக்கக் குழி தோண்டுகிறார்கள். 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு துண்டைப் பக்கமெல்லாம் அறுத்துத் தனியாக நிறுத்தி, ஒரு ஓரத்தில் மண்வெட்டியை வைத்து மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டுகிறார்கள். எத்தனையாவது தட்டில் விரிசல் ஓடுகிறது, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தக் குழி தந்த விடை பத்தடி தள்ளிப் பொய்யாகிவிடலாம். இதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

அடுக்கு, மேல்வந்த எழுத்து, மறைந்துகிடக்கும் எழுத்து... இதையெல்லாம் கேட்டதும் பனியும் ஒரு பிரதிதானே என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். எனக்கும் துடித்தது. வேண்டாம். எந்தப் பிரதியும் வாசிக்கிறவனின் எடையில் உடைந்து அவனைக் கொல்வதில்லை. பனிச்சரிவில் மாட்டிக்கொள்ளும் மலைப்பயணிகளில் பத்துக்கு ஒன்பது விபத்துகளில் பனியை அறுத்துவிடுவது அவரோ கூட வந்தவரோதான். ஆசிரியன் செத்துப்போனான் என்று வருஷக்கணக்கில் பேசினோம். இங்கே சாகிறவன் வாசகன்.

ஆசிரியன் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2012-13 குளிர்காலத்திலிருந்து டாவோஸ் அறிக்கையின் ஆபத்து விவரணை, முன்கூட்டியே செய்துவைத்த வாக்கியச் சட்டகங்களிலிருந்து எடுத்துக் கோக்கப்படுகிறது. முன்னறிவிப்பாளர் ஜெர்மனில் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டங்களை நிரப்புகிறார். ஃபிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் மூன்றும் தாமாக வந்துவிடுகின்றன, நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவசரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக மொழிபெயர்க்கும்போது வரக்கூடிய பிழை ஓர் உயிரைக் கொல்லலாம் என்பதால் இந்த ஏற்பாடு. படைப்பு மனத்தின் தனித்துவம் பேசுகிற நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தனித்துவமே இல்லாத இந்த வாக்கியங்கள் பல கவிதைத் தொகுப்புகளைவிடப் பொறுப்பாக இருக்கின்றன.

அறிக்கையில் எனக்கு மரியாதை வந்த இடம் அதன் இலக்கணம். 'கூடும்', 'சில இடங்களில்', 'கண்ணுக்குத் தெரிவது கடினம்'. அதிகாரமுள்ள நிறுவனம் ஒன்று தன் அறியாமையைத் தினமும் இரண்டு வேளை அச்சேற்றுகிறது. நம் ஊரில் எந்த அரசாங்க அறிக்கையையாவது எடுத்துப் பாருங்கள். வெள்ளம் கழுத்துவரை வந்தாலும் நிலைமை கட்டுக்குள் இருக்கும். விஞ்ஞானமெல்லாம் அதிகாரச் சொல்லாடல்தான் என்று ஒரே போடாகப் போட்டு முடிக்கிறவர்களோடு இந்த இடத்தில் நான் இல்லை. பனிக்குச் சொல்லாடல் தெரியாது.

ஆனால் இந்த நேர்மை யாரை நோக்கிப் பேசுகிறது? அறிக்கை தனக்கென்று ஒரு தன்னிலையைக் கட்டிவைத்திருக்கிறது. அவனிடம் தேடல் கருவி இருக்கிறது, நீட்டுக்கம்பி இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது. படித்தவன், பயிற்சி பெற்றவன். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லித் திரும்பக்கூடியவன். ஒருநாள் திரும்பினால் அவனுக்கு நஷ்டம் ஒரு விடுமுறை.

இந்தத் தன்னிலை ஏன் தவறுகிறது என்று விளக்கத்தான் 'மனிதக் காரணி' என்ற கதையாடல் வந்தது. அமெரிக்காவில் இயான் மெக்காமன் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பொழுதுபோக்குப் பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார். பழகிய இடம் என்ற தைரியம், முடிவெடுத்தாச்சு இனிப் பின்வாங்குவதா என்ற பிடிவாதம், கூட இருக்கும் நிபுணர் மேல் வைத்த நம்பிக்கை, புதுப்பனியில் முதல் தடம் நம்முடையதாக இருக்கட்டும் என்ற ஆசை, பக்கத்தில் இன்னொரு கூட்டம் போகிறதே என்ற துணிச்சல் எனச் சில பொறிகளை வகுத்தார். பழகிய இடத்தில் நல்ல பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியில்லாதவர்கள் அளவுக்கே அபாயத்தில் இறங்கினார்கள் என்று காட்டினார். முக்கியமான கண்டுபிடிப்பு. பயிற்சி வகுப்புகளில் இன்றும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இரண்டு தகராறு. ஒன்று, இது விபத்தில் மாட்டியவர்களின் பட்டியல். இதே பொறிகளோடு போய் இதே மாதிரி நடந்து பத்திரமாகத் திரும்பிச் சூப் குடித்தவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் சொல்லாது. இன்னொன்று, கூட்டத்தில் பெண் இருந்தால் ஆண்கள் கூடுதல் அபாயத்துக்குத் துணிகிறார்கள் என்பதற்கு வைத்த பெயர் 'ஏற்பு'. ஆண் வீரம் காட்டினால் அது அவன் சிக்கல். பெண் அங்கே நின்றதை எப்படி ஒரு அபாயக் குறியாக எண்ணுவது?

இந்தக் கதையாடல் தன் உச்சத்தைத் தொட்ட எழுத்து, ஜான் பிராஞ்ச் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் 2012 டிசம்பரில் எழுதிய 'ஸ்னோ ஃபால்'. 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2012 பிப்ரவரி 19ஆம் தேதி வாஷிங்டன் மாநிலத்தில் டனல் கிரீக் சரிவில் நடந்ததைச் சொல்கிறது. கூட்டம் பெரிது, தேர்ந்த ஆட்கள், ஸ்கீ தொழிலிலேயே இருக்கிறவர்கள். 3 பேர் செத்தார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து போவது சரியில்லை என்று அன்றைக்குப் பலருக்கு உள்ளுக்குள் தோன்றியிருக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. பிராஞ்ச் அந்த மௌனத்தைப் பிடிக்கிறார், நன்றாகவே பிடிக்கிறார். இதில் கொடுமையான முரண் ஒன்று உண்டு. ஸ்விட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரையிலான விபத்துகளைப் பார்த்து 2024இல் வெளியான ஆய்வின்படி, தலை மூடப் புதைந்தவர்களில் 10 நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் 91 சதவீதம் பிழைத்தார்கள். 10இலிருந்து 30 நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் 31 சதவீதம்தான். முதல் 10 நிமிஷத்துக்குள் எந்த மீட்புப்படையும் வந்து சேராது. பக்கத்தில் நிற்கிறவன்தான் தோண்டவேண்டும். யாரிடம் 'எனக்குப் பயமாயிருக்கு' என்று சொல்லக் கூச்சப்பட்டோமோ அதே ஆளின் மண்வெட்டியில்தான் உயிர் இருக்கிறது.

அடுத்த வருஷம், 2013 ஏப்ரல் 20, கொலராடோவில் ஷீப் கிரீக். மலைப்புறப் பாதுகாப்பை வலியுறுத்தும் ஒரு கூடுகைக்கு வந்திருந்தவர்களில் 6 பேர் புறப்பட்டார்கள், 5 பேர் செத்தார்கள். அன்றைய அபாயம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். ஆபத்தான அந்த வடக்குச் சரிவைத் தவிர்க்கத்தான் போனார்கள். தவிர்ப்பதற்காக அதன் அடிவாரத்தைக் கடந்தபோது கீழிருந்தே மேலே உள்ள பலகை அறுந்தது. கொலராடோ பனிச்சரிவு மையத்தின் விசாரணை அறிக்கையை வாசித்தால் அதன் தொனியே வேறு. கெட்டிக்காரத்தனமாகத் தீர்ப்பு வழங்குவதில்லை, கிண்டல் கிடையாது. செத்தவர்களின் நண்பர்களும் இதை வாசிப்பார்கள் என்ற நினைப்போடு எழுதப்பட்ட வாக்கியங்கள். 'ஸ்னோ ஃபால்' எழுத்தைவிட இந்த வறட்டு அறிக்கையை நான் மேலே வைப்பேன்.

சரி. இவர்கள் எல்லோரும் திரும்பியிருக்கக்கூடியவர்கள். இனி மற்றவர்களிடம் வருவோம்.

1916 டிசம்பர் 13. முதல் உலகப்போர். மர்மொலாடா மலையில் கிரான் போஸ் என்ற இடத்தில் ஆஸ்திரியப் படை முகாம் பனிச்சரிவில் புதைந்து சுமார் 270 பேர் செத்தார்கள். அந்த முகாமின் தலைவர் கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட். இந்த இடம் ஆபத்து, மாற்றவேண்டும் என்று அவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். மேலிடம் மறுத்தது. இங்கே எந்தப் பொறியில் யார் விழுந்தார்கள்? பனியை வாசித்தவன் சரியாகத்தான் வாசித்தான். திரும்பும் உரிமை மட்டும் அவனிடம் இல்லை.

பனிச்சரிவு அறிவின் வம்சாவளியே இப்படிப்பட்டதுதான். ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் நிறுவனம் கையிலெடுப்பதற்கு முன் போர்க்காலத்தில் எச்சரிக்கை வேலையைச் செய்தது ராணுவம். அமெரிக்காவில் ஆல்டா மலையில் பீரங்கிக் குண்டு போட்டுச் சரிவைச் செயற்கையாக அறுக்கும் முறையைக் கொண்டுவந்த மான்ட்கோமரி அட்வாட்டர் மலைப்படைப் பிரிவிலிருந்து வந்தவர். இந்தியாவில் 1969இல் மணாலியில் தொடங்கிய பனி ஆய்வு நிறுவனம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் வந்தது. 2020இல் அதை வேறொன்றோடு இணைத்துப் பெயர் மாற்றினார்கள், துறை அதேதான். சிப்பாயின் சாவிலிருந்து திரண்ட அறிவு, ஓய்வுநாள் பயணிக்குச் சுதந்திரத்தின் மொழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சிப்பாய்க்குத் திரும்பி வரும்போது மட்டும் அது ஆணையின் மொழி. பொதுமக்களுக்கு வரும் இந்திய எச்சரிக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் மாவட்டத்தின் பெயர், ஓர் உயரம், ஆபத்தின் அளவு, அடுத்த 24 மணி நேரம், பனிச்சரிவுப் பகுதிகளுக்குப் போகவேண்டாம் என்ற புத்திமதி. எந்தத் திசைச் சரிவு, எந்த அடுக்கு பலவீனம் என்பதெல்லாம் இல்லாமல் ஒரு மாவட்டம் முழுக்க ஒரே சொல். அந்த மாவட்டத்தில் குடியிருக்கிறவன் எங்கே போகாமல் இருப்பது?

குல்மர்க்கில் ஒரே மலையில் இரண்டு வாசகர்களையும் பார்க்கலாம். 2010 பிப்ரவரி 8ஆம் தேதி கிலன்மர்க் சரிவில் ராணுவ உயர்மலைப் போர்ப் பள்ளியின் பயிற்சியில் இருந்தவர்கள் 17 பேர் செத்தார்கள். 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அதே அஃபர்வத் மலையில் ஸ்கீ போன போலந்து நாட்டவர் 2 பேர் செத்தார்கள். இரண்டாவது கூட்டத்தைப் பற்றி 'ஏன் திரும்பவில்லை?' என்று கேட்கலாம். முதல் கூட்டத்தைப் பற்றி அந்தக் கேள்வியே எழாது, எழுந்தாலும் அது அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல. 2022 அக்டோபர் 4இல் உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா மலையில் மலையேற்றப் பயிற்சிக்குப் போய் மாட்டியவர்களில் 27 பேரின் உடல் அப்போது கிடைத்தது, 2 பேர் அப்போது கிடைக்கவில்லை. மாணவன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். நிபுணரை நம்புவது ஒரு பொறி என்று சொல்கிறது மனிதக் காரணி. நிபுணரை நம்பத்தானே அவன் பணம் கட்டிச் சேர்ந்தான்?

எவரெஸ்டில் 2014 ஏப்ரல் 18இல் நடந்தது பனிப்பலகை அறுந்ததல்ல. மேற்குத் தோளிலிருந்து பெரிய பனிக்கட்டிப் பாளம் கும்பு பனியருவி மேல் விழுந்தது. செத்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மற்றவர்கள் ஏறுவதற்காகக் கயிறும் சுமையும் கொண்டுபோனவர்கள். ஏறுகிறவன் அந்தப் பனியருவியைச் சில தடவை கடந்தால் சுமக்கிறவன் அதைவிடப் பலமடங்கு கடக்கிறான். அபாயம் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை, நடைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. அரசு முதலில் அறிவித்த இழப்பீடு 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் அந்தப் பருவத்துக்கு இனி ஏறமாட்டோம் என்றார்கள். தெற்குப் பக்கத்திலிருந்த பெரிய குழுக்கள் எல்லாம் மூட்டைகட்டின. பத்திரிகைகளில் இது கோபம், துக்கம், பேரம் என்றெல்லாம் எழுதப்பட்டது. பனியைப் பற்றிய ஒரு முடிவு என்று எழுதியதை நான் பார்க்கவில்லை. டாவோஸ் அறிக்கை காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது இந்த முடிவைத்தான்.

மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது. அறிக்கையின் அறிவுரை வாக்கியம் ஒன்றில் செங்குத்துச் சரிவுகளைத் 'தவிர்க்கவும்' என்று முதலில் போட்டேன், ரயில்வே பலகை மாதிரி இருந்தது. 'தவிருங்கள்' என்றால் எதிரே விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். 'தவிர்' என்றால் ஹவில்தார் கத்துகிறார். ஜெர்மனில் அந்தச் சட்டகத்துக்கு ஆளே தேவையில்லை, தமிழில் எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் வினைமுற்றை முடிக்க முடியவில்லை.